ஐவரையும் ஒன்றாக மாற்றிய அணி: ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணியில் பெஞ்ச் வீராங்கனைகளின் பங்கை மதிப்பிட்ட நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணி ஒரே போட்டிப் பருவத்தில் சந்தித்த நிலைமை இங்கே பதிவாகிறது. நான் அந்த அணியின் துணைப் பயிற்சியாளராக இருந்தேன். பெஞ்ச் வீராங்கனைகளை, அதாவது தொடக்கத்தில் களமிறங்காமல் மாற்றாகக் காத்திருப்பவர்களை, மதிப்பிடும் வேலை என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்ததால், கீழே வரும் தீர்மானங்களில் சரியாக அமைந்தவற்றைப் போலவே பிழையாகிப் போனவற்றிலும் எனக்குப் பங்கு உண்டு. பெயர்களைத் தவிர்த்து, ஒவ்வொருவரையும் அவர் படிக்கும் ஆண்டையும் ஆடும் இடத்தையும் கொண்டே குறிப்பிடுகிறேன்.

ஆட்டங்கள் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளின்படி நடந்தன. தலா 10 நிமிடங்கள் கொண்ட 4 கால்பகுதிகள், அணிக்கு 12 பேர், ஐந்தாவது ஃபவுலோடு ஒரு வீராங்கனை வெளியேற வேண்டும் என்பவை அறிந்த விதிகள்தாம். 40 நிமிடங்களும் களத்தில் ஐவர் இருப்பதால், ஓர் ஆட்டத்தில் பயிற்சியாளர் பங்கிட்டுக் கொடுப்பதற்கு மொத்தம் 200 ஆள்-நிமிடங்கள் உள்ளன; பெஞ்சைப் பற்றிய எந்தப் பேச்சும் முடிவில் இந்த 200 நிமிடங்களை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் வந்து நிற்கும்.

லீக் சுற்றில் 14 ஆட்டங்கள் இருந்தன. எட்டு ஆட்டங்கள் முடிந்தபோது எங்கள் கணக்கு 4 வெற்றி, 4 தோல்வி. தோற்ற நான்கில் மூன்று ஆட்டங்கள் ஒரே மாதிரி நடந்தவை: முதல் கால்பகுதியில் முன்னிலை, இரண்டாம் கால்பகுதியின் தொடக்கத்தில் அது கரைதல், மூன்றாம் கால்பகுதியில் எட்டிப் பிடித்தல், கடைசிக் கால்பகுதியில் கால் தளர்ந்து விட்டுக்கொடுத்தல்.

அதுவரை தலைமைப் பயிற்சியாளர் கடைப்பிடித்த முறை எளிமையானது. முதல் கால்பகுதி முழுவதும் தொடக்க ஐவர் ஆடுவார்கள். இரண்டாம் கால்பகுதி தொடங்கும்போது அந்த ஐவரும் ஒன்றாக வெளியே வர, பெஞ்சிலிருந்து ஐவர் ஒன்றாக உள்ளே செல்வார்கள். நான்கைந்து நிமிடங்களில் பழைய ஐவரே திரும்புவார்கள். இதற்கு அவரிடம் நியாயமான காரணங்களும் இருந்தன. ஒன்றாகப் பயிற்சி செய்பவர்கள் ஒன்றாக ஆடினால் புரிதல் கூடும் என்பது ஒன்று. பெஞ்சில் இருக்கும் எல்லோருக்கும் ஆட்டம் கிடைக்கிறது, யாருக்கும் மனக்குறை எழாது என்பது மற்றொன்று. இரண்டாவது காரணத்தின் எடையை நான் அப்போது உணரவில்லை, பிறகுதான் உணர்ந்தேன்.

எட்டாவது ஆட்டத்துக்குப் பின் அவர் வந்தடைந்த முடிவு, நம் பெஞ்சுக்கு வலுவில்லை என்பது. ஆகவே அவர்களது நேரத்தை இன்னும் குறைத்து, தொடக்க ஐவரை 35 நிமிடங்களுக்கு மேல் ஆடவைக்க எண்ணினார். அதற்கு முன் ஒருமுறை கணக்கைப் பார்த்துவிடலாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். ஒரு வாரம் தந்தார்.

பெஞ்சில் இருந்தவர்கள்

எழுவரில் நால்வரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். (கார்டு கூடைக்கு வெளியே நின்று பந்தை நகர்த்துபவர், ஃபார்வர்டு பக்கவாட்டில் ஆடுபவர், சென்டர் கூடைக்கு அருகில் நிற்பவர்.) இரண்டாமாண்டு கார்டு நல்ல கைகொண்டவர். பெஞ்சிலிருந்து வந்த புள்ளிகளில் பெரும்பங்கு அவருடையது. இறுதியாண்டு ஃபார்வர்டு நான்கு ஆண்டுகளாக அணியில் இருப்பவர், அதிகம் எறியமாட்டார், ஆனால் தற்காப்பில் ஓயாமல் குரல் கொடுத்து மற்றவர்களை நிறுத்துவார். முதலாமாண்டு சென்டர் அணியிலேயே உயரமானவர். எங்கள் முதன்மை சென்டர் ஃபவுல் சிக்கலில் மாட்டும்போதெல்லாம் இறக்கப்பட்டார். மூன்றாமாண்டு கார்டு முழங்கால் காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்ததால் அந்த எட்டு ஆட்டங்களிலும் களம் இறங்கவில்லை. எஞ்சிய மூவர், இரண்டாம் கால்பகுதியில் அந்த மொத்த மாற்றத்தின்போது மட்டும் ஆடியவர்கள்.

தரவு திரட்டியது

முதல் தடையே ஆவணத்தில் இருந்தது. அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட்டில் யார் எத்தனை புள்ளிகள் எடுத்தார், எத்தனை ஃபவுல் செய்தார் என்பது இருக்கும். ஒரு மாற்று வீராங்கனை களம் இறங்கினார் என்பதற்கு அவர் பெயருக்கு எதிரே ஒரு குறியும் இருக்கும். எந்த நிமிடத்தில் இறங்கினார், யாருடன் ஆடினார், எப்போது வெளியேறினார் என்பது இருக்காது. அந்த ஷீட்டை மட்டும் வைத்துக்கொண்டு பெஞ்சை மதிப்பிட முனைபவர், தம்மை அறியாமலே புள்ளி எடுத்தவரை உயர்த்தி, எடுக்காதவரைத் தாழ்த்திவிடுவார். நாங்களும் எட்டு ஆட்டங்களாக அதைத்தான் செய்துவந்திருந்தோம்.

ஆகவே பார்வையாளர் வரிசையிலிருந்து கைபேசியில் எடுத்த காணொளிகளைத் தேடிப் பிடித்தோம். எட்டில் ஆறு ஆட்டங்களுக்கு முழுமையாகக் கிடைத்தன. காயத்தில் இருந்த மூன்றாமாண்டு கார்டும் நானும் நான்கு மாலைகள் அமர்ந்து, ஒவ்வொரு மாற்றமும் நடந்த நேரத்தையும் அந்தத் தருணத்தின் புள்ளி நிலவரத்தையும் ஒரு தாளில் குறித்தோம். ஒரு குறிப்பிட்ட ஐவர் களத்தில் இருந்த இடைவெளியில் நாம் எடுத்ததிலிருந்து கொடுத்ததைக் கழித்தால் வருவதே பிளஸ்-மைனஸ்; ஒருவர் களத்தில் இருந்த இடைவெளிகளையெல்லாம் கூட்டினால் அவரது எண். அதோடு, எறிதல் திறன், டர்ன்ஓவர் (எறியாமலே பந்தை இழப்பது), தாக்குதல் ரீபவுண்ட் (நம் எறிதல் தவறியபின் பந்தை நாமே மீட்பது), ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதல்) என்று கூடைப்பந்துப் புள்ளியியலாளர் டீன் ஆலிவர் வகுத்துக் காட்டிய நான்கு காரணிகளையும் தனித்தனியே எண்ணினோம். பிளஸ்-மைனஸ் எவ்வளவு இழந்தோம் என்று மட்டும் சொல்லும். எதனால் இழந்தோம் என்பதை இந்த நான்கில்தான் தேட வேண்டும்.

ஆறு ஆட்டங்கள் என்பது சிறிய அளவு. ஒரே ஓர் இடைவெளியில் எதிரணி அடுத்தடுத்து மூன்று மூன்று-புள்ளி எறிதல்களைப் போட்டாலே ஒருவரது எண் தலைகீழாகிவிடும். எனவே எண்களைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், எந்தக் காட்சியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று காட்டும் குறிப்பாகவே கொள்வது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டோம். அந்த முடிவைப் பிறகு நாங்களே மீறிய இடமும் வரும்.

கண்டவை

ஆறு ஆட்டங்களின் 240 நிமிடங்களில் தொடக்க ஐவர் ஒன்றாக ஆடியது 118 நிமிடங்கள். அந்த நேரத்தில் அணி 38 புள்ளிகள் முன்னால் இருந்தது. தொடக்க ஐவரில் நால்வருடன் முதலாமாண்டு சென்டர் ஆடிய 44 நிமிடங்களில் 9 புள்ளிகள் முன்னால். பெஞ்ச் ஐவர் மட்டுமே களத்தில் இருந்தது 27 நிமிடங்கள். அதில் நாம் எடுத்தவை 28, கொடுத்தவை 52, அதாவது 24 புள்ளிகள் பின்னால். மற்ற கலவைகள் 51 நிமிடங்களுக்கு 9 புள்ளிகள் பின்னால். ஓர் ஆட்டத்தின் 200 ஆள்-நிமிடங்களில் சராசரியாக 158 தொடக்க ஐவரிடமும் 42 பெஞ்சிடமும் இருந்தன.

இந்த எண்களை முதலில் பார்த்த தலைமைப் பயிற்சியாளர், தம் கருத்து சரியென்று நிரூபணமாகிவிட்டதாகவே கொண்டார். 27 நிமிடங்களில் 24 புள்ளிகளை இழக்கும் ஐவரை எதற்கு இறக்க வேண்டும் என்ற அவர் கேள்வியில் பிழையில்லை. பெஞ்சில் நேர்மறை எண் பெற்ற ஒரே ஆள் முதலாமாண்டு சென்டர் என்பதால், அவரைத் தொடக்க ஐவரில் சேர்த்துவிடலாம் என்றும் சொன்னார்.

நான்கு காரணிகளைப் பிரித்துப் பார்த்தபோது படம் வேறாக இருந்தது. மூன்று-புள்ளி எறிதலை ஒன்றரை மடங்காகக் கொண்டு கணக்கிட்டால், பெஞ்ச் ஐவரின் எறிதல் திறன் சுமார் 35 விழுக்காடு, தொடக்க ஐவருடையது 38. வேறுபாடு உண்டு, ஆனால் 24 புள்ளிகளை விளக்கும் வேறுபாடு அன்று. ரீபவுண்டிலும் பெரிய இடைவெளி இல்லை. டர்ன்ஓவரில்தான் முழு வித்தியாசமும் இருந்தது: அந்த 27 நிமிடங்களில் 19 முறை எறியாமலே பந்தை இழந்திருந்தோம். அவற்றில் 11, பந்து பாதிக் கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே நடந்தவை. களம் முழுவதும் நெருக்கிப் பிடிக்கும் எதிரணியின் முழுக்கள பிரஸ்ஸில் பறிபோனவை சில, 8 நொடிக்குள் பந்து பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்ற விதியில் சிக்கியவை சில. கொடுத்த 52 புள்ளிகளில் 22, இப்படிப் பந்தை இழந்த கையோடு எதிரணி ஓடிப்போய் இட்ட எளிய லே-அப்புகளால் வந்தவை.

காணொளியைத் திரும்பப் பார்த்ததும் காரணம் கண்முன்னே நின்றது. அந்த ஐவரில் பந்தை ஏந்தி முன்னே கொண்டுசெல்லத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. இரண்டாமாண்டு கார்டு எறிபவர்; சக வீராங்கனை தடுப்பாக நிற்கும் ஸ்கிரீனைச் சுற்றி வந்து பந்தை வாங்கி அந்த நொடியே எறிவதுதான் அவர் பலம். வேறு ஆள் இல்லாததால் பந்தைக் கொண்டுவரும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. எதிரணிப் பயிற்சியாளர்கள் இதை எங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள்: எங்கள் ஐவரும் ஒன்றாக எழுந்து மாற்றத்துக்குச் செல்வதைப் பார்த்ததுமே பிரஸ்ஸுக்குக் கையைக் காட்டுவது மூன்று காணொளிகளில் தெளிவாகத் தெரிகிறது. பாதிக் கோட்டுக்கு முன்பே இழந்த 11 பந்துகளில் 8 அந்தக் கார்டின் கையிலிருந்து போனவை. ஸ்கோர் ஷீட் அவரைப் பெஞ்சின் சிறந்தவர் என்றது. பிளஸ்-மைனஸ் பெஞ்சின் மிக மோசமானவர் என்றது. தமக்குரியதல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தவரை இரண்டு எண்களாலுமே அளக்க இயலாது என்பதே என் கருத்து.

முதலாமாண்டு சென்டரின் எண்ணிலும் இதே சிக்கல், எதிர்த் திசையில். அவர் பெஞ்ச் ஐவருடன் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. முதன்மை சென்டருக்கு ஃபவுல் கூடினால் வேண்டியிருக்கும் என்று அவரைப் பயிற்சியாளர் தனியே வைத்திருந்தார். எனவே அவர் ஆடியதெல்லாம் அணியின் சிறந்த நால்வருடன். அதே நால்வர் முதன்மை சென்டருடன் ஆடியபோது 118 நிமிடங்களுக்கு 38, இவருடன் ஆடியபோது 44 நிமிடங்களுக்கு 9. நிமிடக் கணக்கில் பிரித்தால் இவருடன் ஆடும்போது அணியின் முன்னிலை குறைவாகவே வளர்ந்தது. நேர்மறை எண் என்பதற்காக அவரைத் தொடக்க ஐவருக்கு உயர்த்தியிருந்தால், பக்கத்தில் ஆடியவர்களின் பலனை அவர் கணக்கில் வரவு வைத்தவர்களாகியிருப்போம்.

அவரைப் பற்றி எண்ணில் வராத ஒன்றையும் கண்டோம். ஃபிபா விதிப்படி மாற்றத்தைக் கேட்கும் உரிமை மாற்று வீராங்கனைக்கே உரியது. அவரே ஸ்கோரர் மேசைக்குச் சென்று, உடனே ஆடத் தயாரான நிலையில் காத்திருக்க வேண்டும். கடிகாரம் நின்று பந்து செயலற்றிருக்கும் வாய்ப்பு நழுவினால், அடுத்த வாய்ப்பு வர இரண்டு நிமிடங்கள்கூட ஆகலாம். இவர் மேல்சட்டையைக் கழற்றி, காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டு மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் வாய்ப்பு நழுவியது இரண்டு முறை. அதில் ஒருமுறை, அந்த இடைவெளியிலேயே முதன்மை சென்டருக்கு நான்காவது ஃபவுல் விழுந்தது. எப்போது அழைப்பார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவரை இதற்காகக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இறுதியாண்டு ஃபார்வர்டின் பிளஸ்-மைனஸும் மோசமாகவே இருந்தது, ஏனென்றால் அந்த 27 நிமிடங்களும் அவர் களத்தில் இருந்தார். உயரம் போதாத நிலையில் சென்டர் இடத்தில் வேறு நிறுத்தப்பட்டிருந்தார். ஆனால் ஆறு ஆட்டங்களில், சுமார் 52 நிமிடங்களில், அவர் செய்த ஃபவுல் மூன்றே மூன்று. ஒரு கால்பகுதியில் அணியின் ஃபவுல் எண்ணிக்கை நான்கை எட்டிவிட்டால், அதன்பின் எறியாத வீராங்கனை மீது தற்காப்பில் செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் கிடைக்கும். எங்கள் தொடக்க ஐவர் ஏறக்குறைய எல்லாக் கால்பகுதிகளிலும் கடைசி மூன்று நிமிடங்களுக்கு முன்பே அந்த எல்லையைத் தொட்டுவிடுவதை ஸ்கோர் ஷீட்டே காட்டியது. அந்த நேரத்தில் கைவைக்காமல் கால்களை நகர்த்தி வழியை மறித்து நிற்கத் தெரிந்த ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்பது எட்டு ஆட்டங்களாக எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியாக, தொடக்க ஐவரின் சோர்வு. நான்காம் கால்பகுதியில் எங்கள் டர்ன்ஓவர் சராசரி ஆறு. மற்ற கால்பகுதிகளில் ஆட்டத்தை அவர்களே நடத்திய நேரத்தைவிட இது தெளிவாகக் கூடுதல். பெஞ்சின் நிமிடங்களை மேலும் குறைப்பது இதை மோசமாக்கும் என்பதில் தலைமைப் பயிற்சியாளரும் உடன்பட்டார்.

எடுத்த தீர்மானங்களும் அவற்றின் காரணங்களும்

முதல் தீர்மானம், ஐவரை ஒன்றாக மாற்றுவதை நிறுத்துவது. களத்தில் எப்போதும் தொடக்க ஐவரில் குறைந்தது இருவர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பந்தைக் கொண்டுசெல்லும் இருவரில் ஒருவராக இருக்க வேண்டும் என்று வரையறுத்தோம். பந்தைக் கொண்டுவருவதே முதன்மை வேலையாக உள்ள பாயிண்ட் கார்டுக்கு இடைவேளை கிடைக்கும்போது அந்த வேலையை எங்கள் முதன்மை ஷூட்டிங் கார்டு (எறிவதை முதன்மையாகக் கொண்டவர்) ஏற்பார்; அவருக்கு அதில் ஓரளவு பழக்கம் இருந்தது.

இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் நுழையும் தருணத்தை முன்கூட்டியே சொல்லிவைப்பது. இரண்டாமாண்டு கார்டு முதல் கால்பகுதியில் நான்கு நிமிடங்கள் மீதமிருக்கும்போது, பாயிண்ட் கார்டு களத்தில் இருக்கையிலேயே இறங்குவார். பந்தைக் கொண்டுவருவது அவர் வேலை அன்று. முதலாமாண்டு சென்டர் ஃபவுலுக்காகக் காத்திராமல், ஒவ்வொரு பாதியிலும் திட்டமிட்ட எட்டு நிமிடங்கள் ஆடுவார். இறுதியாண்டு ஃபார்வர்டு, அணி ஃபவுல் நான்கைத் தொட்ட கால்பகுதிகளின் கடைசி நிமிடங்களில் எதிரணியின் சிறந்த ஃபார்வர்டைக் காக்க இறங்குவார். மூன்றாமாண்டு கார்டுக்கு மருத்துவ அனுமதி அந்த வாரமே கிடைத்தது. ஓர் ஆட்டத்துக்கு எட்டு நிமிடங்களுக்கு மேல் கூடாது என்ற வரம்போடு, மூன்றாவது பந்து ஏந்துபவராக அவர் சேர்ந்தார்.

மூன்றாவது தீர்மானத்தில்தான் எங்கள் பெரிய பிழை இருந்தது. மொத்த மாற்றம் நின்றுபோனதால் எஞ்சிய மூவருக்கும் ஆட்ட நேரம் ஏறக்குறைய இல்லாமல் போகும் என்பது கணக்கிலேயே தெரிந்தது. அவர்களுக்குப் பயிற்சியில் எதிரணியின் உத்திகளை ஆடிக்காட்டும் பொறுப்பைத் தந்தோம். அது உண்மையிலேயே தேவையான வேலை. பிரஸ்ஸை உடைக்கும் பயிற்சி நடக்க வேண்டுமென்றால் பிரஸ் செய்ய ஆட்கள் வேண்டும். ஆனால் அதைத் தனித்தனியே அழைத்துச் சொல்லாமல், அணிக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஒரு பட்டியலாக வாசித்தோம். கூடவே, ஆய்வின் பிளஸ்-மைனஸ் அட்டவணையையும் திரையில் காட்டினோம். எண்கள் தீர்ப்பு அல்ல என்று எங்களுக்குள் பேசி வைத்திருந்த எச்சரிக்கை அந்த அறையில் யார் காதிலும் ஏறவில்லை. கூட்டம் முடிவதற்குள் அட்டவணையின் படம் அணியின் வாட்ஸ்ஆப் குழுவில் இருந்தது.

அந்தக் கூட்டத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஆறாவது ஆளின், அதாவது பெஞ்சிலிருந்து முதலில் இறங்குபவரின், பெருமையை எடுத்துச் சொன்னார். என்பிஏ எனும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் பயிற்சியாளர் ரெட் அவர்பாக் முதலில் ஃபிராங்க் ராம்சியையும் பிறகு ஜான் ஹாவ்லிசெக்கையும் பெஞ்சிலிருந்து இறக்கி வென்றதையும், என்பிஏ 1982-83 பருவத்திலிருந்து சிறந்த ஆறாவது ஆளுக்கென்றே விருது வழங்கிவருவதையும், மனு ஜினோபிலி போன்றவர் 2007-08 பருவத்தில் அந்த விருதைப் பெற்றதையும் குறிப்பிட்டார். செய்திகள் சரியானவை, எடுபடவில்லை. ஜினோபிலி பெஞ்சிலிருந்து வந்தாலும் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் களத்தில் இருந்தவர். பத்தாவது, பதினொன்றாவது ஆளாக உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு அந்தக் கதையில் இடமில்லை என்பதை அவர்கள் நம்மைவிட விரைவாகப் புரிந்துகொண்டார்கள்.

தொடர்ந்து நடந்தவை

ஒன்பதாவது ஆட்டத்தில் திட்டம் தடுமாறியது. நான்கு நிமிடங்கள் மீதமிருக்கும்போது நடக்க வேண்டிய மாற்றம், கடிகாரம் நிற்காமலே ஆட்டம் ஓடியதால், 2 நிமிடம் 20 நொடி மீதமிருக்கும்போதுதான் நடந்தது. அதன்பின் நேரத்தை ஒரே தருணமாகக் கொள்ளாமல் ஓர் இடைவெளியாகக் கொண்டோம்: ஐந்து நிமிடம் மீதமிருக்கும்போதே எழுந்து உடலைச் சூடேற்றிக்கொள்வது, அதன்பின் வரும் முதல் வாய்ப்பில் மேசையில் இருப்பது. முதலாமாண்டு சென்டர் மேசைக்குத் தாமதமாகச் செல்வது இந்த ஒரு மாற்றத்தால் நின்றுவிட்டது.

மீதமிருந்த ஆறு லீக் ஆட்டங்களில் நான்கை வென்று, கடைசித் தகுதி இடத்தைப் பிடித்து நாக் அவுட் சுற்றுக்குள் நுழைந்தோம். இரண்டாம் கால்பகுதியின் முதல் ஐந்து நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆறு ஆட்டங்களையும் சேர்த்து 3 புள்ளிகள்தான் பின்தங்கினோம். தொடக்க ஐவரின் பங்கு 158 ஆள்-நிமிடங்களிலிருந்து 141 ஆகக் குறைந்தது. பெஞ்சுக்கு வந்த 59 நிமிடங்கள், இரண்டாமாண்டு கார்டுக்கு 17, முதலாமாண்டு சென்டருக்கு 16, இறுதியாண்டு ஃபார்வர்டுக்கு 14, மூன்றாமாண்டு கார்டுக்கு 6, எஞ்சியோருக்கு 6 என்று சராசரியாகப் பிரிந்தன. நான்காம் கால்பகுதி டர்ன்ஓவர் சராசரி ஆறிலிருந்து நான்காயிற்று. இந்த மாற்றம் முழுவதையும் எங்கள் திட்டத்தின் கணக்கில் எழுத மாட்டேன். அந்த ஆறு எதிரணிகளில் இரண்டு, பட்டியலின் அடியில் இருந்தவை.

இரண்டாமாண்டு கார்டு பாயிண்ட் கார்டுடன் ஆடத் தொடங்கியதும் அவரது ஆட்டம் மாறியது வெளிப்படையாகத் தெரிந்தது. பந்து தம் கைக்கு வரும் இடத்துக்கு ஓடுவது மட்டுமே அவர் வேலையாக இருந்தது. அதை அவர் எப்போதுமே நன்றாகச் செய்பவர்தான். இறுதியாண்டு ஃபார்வர்டின் பங்கு இரு ஆட்டங்களில் முடிவையே தீர்த்தது என்று நான் நினைக்கிறேன், ஆனால் ஸ்கோர் ஷீட்டில் அதற்குச் சான்று இல்லை. ஒன்றில் அவர் எடுத்த புள்ளி சுழியம். மற்றோர் ஆட்டத்தில் அவரை இறக்கத் தாமதித்து, இரண்டு தேவையற்ற ஃபவுல்களால் நான்கு ஃப்ரீ த்ரோ புள்ளிகளைக் கொடுத்து, மூன்று புள்ளிகளில் தோற்றோம்.

பட்டியல் வாசித்த மூன்றாவது வாரத்தில், எஞ்சிய மூவரில் ஒருவர் அணியிலிருந்து விலகினார். படிப்புச் சுமை என்று கடிதத்தில் எழுதியிருந்தார். பிறகு அவரைத் தனியே சந்தித்தபோது, ஆட்டம் கிடைக்காததைவிட, தம் பெயருக்கு எதிரே இருந்த எண் எல்லோர் கைபேசியிலும் இருப்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது என்று சொன்னார். அந்த எண் அவருடையதாகவே இருக்கவில்லை; பந்து ஏந்துபவர் இல்லாத ஓர் ஐவரில் நின்றதற்காக அவர் பெயரில் எழுதப்பட்டது. அவருக்கு அதை விளக்கினேன். திரும்பி வரவில்லை. மற்ற இருவரும் பருவம் முடியும்வரை இருந்தார்கள். ஆனால் பயிற்சியில் அவர்கள் காட்டிய வேகம் குறைந்தது, எதிரணியாக ஆட ஓர் ஆளும் குறைந்ததால் பிரஸ் பயிற்சியின் தரமும் குறைந்தது. அதற்கான விலையை நாக் அவுட்டில் கொடுத்தோம்.

நாக் அவுட்டின் முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக மூன்றாமாண்டு கார்டின் முழங்காலில் வீக்கம் வந்து அவர் ஆட இயலாமல் போயிற்று. மூன்றாம் கால்பகுதியின் நடுவில் எங்கள் பாயிண்ட் கார்டுக்கு நான்காவது ஃபவுல் விழுந்தது. அவரை உட்கார வைத்தோம். பந்து ஏந்தும் பொறுப்பு முழுவதும் ஷூட்டிங் கார்டிடம் வந்தது. நான்கு நிமிடங்களில் அவர் களைத்துவிட, மீண்டும் அந்த இரண்டாமாண்டு கார்டே பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேற வேண்டியதாயிற்று. எதிரணி பிரஸ்ஸுக்கு மாறியது. அந்த இடைவெளியில் 9 புள்ளிகளை இழந்து, முடிவில் 5 புள்ளிகளில் தோற்றோம்.

மாற்ற வேண்டியவை

மாற்றங்களின் நேரத்தைக் குறிக்கும் தாள் பருவத்தின் முதல் நட்பு ஆட்டத்திலிருந்தே இருக்க வேண்டும். அதற்குத் தனி ஆள் வேண்டியதில்லை. பெஞ்சில் இருக்கும் ஒருவரே ஒரு கால்பகுதிக்கு ஒருவராக மாறிமாறி எழுதலாம். மூன்றாமாண்டு கார்டு அந்த வேலையைச் செய்த வாரங்களில், எதிரணி எப்போது மாறுகிறது என்பதை எங்களைவிட முன்னதாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

அந்தத் தாளிலிருந்து கணக்கிடும் பிளஸ்-மைனஸ் பயிற்சியாளர்களோடு நிற்க வேண்டும். ஆளுக்கு ஆள் எண் போடுவதை விட்டு, ஐவர் கூட்டணிக்கு மட்டும் எண் போடுவது இன்னும் பொருத்தம் என்பது என் எண்ணம். தலைமைப் பயிற்சியாளர் இதில் முழுதும் உடன்படவில்லை. வீராங்கனைகள் தம் நிலையை அறிய உரிமை உள்ளவர்கள் என்கிறார். அறியத் தருவதும் திரையில் காட்டுவதும் ஒன்றல்ல என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறோம்.

பங்கு மாறுவதைத் தனியே, நேரில், ஆட்டத்துக்கு முந்தைய நாளாக இல்லாத ஒரு நாளில் சொல்ல வேண்டும். ஆட்ட நேரம் இல்லாத பங்கு என்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, எந்த நாளில் அது மறுபடி பரிசீலிக்கப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய முறையில் மூவருக்கும் வாரம் தோறும் கிடைத்துவந்த நான்கு நிமிடங்களைத் திட்டத்துக்காக எடுத்தோம். அது சரியான தீர்மானம் என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் அவர்களிடமிருந்து ஒன்றை எடுக்கிறோம் என்ற உணர்வே இல்லாமல் எடுத்தோம்.

பந்து ஏந்துபவர்களைப் பற்றிய விதி இருவரை நம்பி இருந்தது. மூன்றாமவர் காயத்திலிருந்து மீள்பவர். பருவத்தின் நடுவில் அதற்குமேல் செய்ய வழியில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டோம். எறிபவரான இரண்டாமாண்டு கார்டுக்குப் பிரஸ்ஸை உடைக்கும் அடிப்படைப் பயிற்சியை, நாளுக்கு 15 நிமிடங்கள் என்றாவது, ஒன்பதாவது ஆட்டத்திலிருந்தே தந்திருக்கலாம். அவரது வேலை அது அன்று என்று வரையறுத்த கையோடு, அவருக்கு அது ஒருபோதும் தேவைப்படாது என்றும் எங்களை அறியாமல் முடிவு கட்டிவிட்டோம். அடுத்த பருவத்துக்கான பயிற்சித் திட்டத்தில் அது முதல் வாரத்திலேயே இடம்பெற்றிருக்கிறது.

முதலாமாண்டு சென்டரைத் தொடக்க ஐவரில் சேர்ப்பதா என்ற கேள்வி இன்னும் முடிவாகவில்லை. அடுத்த பருவத்தின் நட்பு ஆட்டங்களில் அவரை முதலில் பெஞ்ச் வீராங்கனைகளுடனும், பிறகு தொடக்க ஐவரில் நால்வருடனும் சம நேரம் ஆடவைத்து, தாளில் குறித்த பின்னரே அதைப் பேசுவது என்று தலைமைப் பயிற்சியாளரும் நானும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.